உமிச் சாம்பலோடு திருவனந்தபுரத்துக்கு

அந்தச் சாம்பலை நானே ஏன் கொண்டுபோனேன் என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை. எங்கள் மில்லிலிருந்து வாரம் ஒருமுறை திருவனந்தபுரத்து ஆரியசாலைக்கு அரிசி லாரி போகிறது. டிரைவரிடம் கொடுத்திருந்தால் மறுநாள் காலையில் போய்ச் சேர்ந்திருக்கும். ஒன்றேகால் வயதுக் குழந்தையை, அதுவும் மார்கழியிலும் தையிலும் மாறி மாறி மூச்சுத்திணறி ஆஸ்பத்திரியில் கிடந்தவளை, இடுப்பில் வைத்துக்கொண்டு மூன்று பேருந்து மாறிப் போக என்ன அவசியம்? என் கணவர் கேட்டார். அம்மா தொலைபேசியில் கேட்டாள். பேருந்தில் முன்பின் தெரியாதவர்கள் கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பதில் சொன்னேன். எல்லாமே உண்மைதான். எதுவும் போதுமானதாக இல்லை.

இது 2006 மார்ச் மாதக் கடைசியில் போய்வந்த நான்கு நாள் பயணம். திருவனந்தபுரம் என்றதும் கோயிலும் கோவளமும் எதிர்பார்ப்பவர்களுக்கு இதில் அதிகம் இல்லை. கோயில் வாசல்வரை போய்த் திரும்பினேன். கடலைப் பார்க்கவே இல்லை.

போன காரியத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்களுடையது அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்தில் நெல் அவித்து அரைக்கும் மில். கொதிகலனுக்கு உமியைத்தான் எரிக்கிறோம். எரிந்த சாம்பல் மில்லுக்குப் பின்னால் மலையாகக் கிடக்கும். செங்கல் சூளைக்காரர்கள் கொஞ்சம் எடுத்துப் போவார்கள். மிச்சம் காற்றோடு போகும். கொடியில் காயும் துணியில் கறுப்புப் புள்ளி விழும். என் மகள் உலகம்மாளுக்கு, வீட்டில் உலகு, இழுப்பு வரத் தொடங்கியபோது பாளையங்கோட்டை டாக்டர் முதலில் கேட்டதே, வீட்டைச் சுற்றி என்ன தூசு என்றுதான்.

அந்தச் சாம்பலுக்கு ஒரு மதிப்பு உண்டு என்று சொன்னவள் ஷைனி. எம்.எஸ்ஸி. வேதியியலில் என் பெஞ்சில் உட்கார்ந்தவள், குழித்துறைக்காரி. நான் கல்யாணமாகி மில்லுக்கு வந்தேன். அவள் மேலே படித்து, திருவனந்தபுரத்தில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் இருக்கிறாள். அதன் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விட்டுவிடுகிறேன். அங்கே எரிபொருள் மின்கலத்துக்கு வேண்டிய சவ்வு செய்து பார்க்கிறார்கள். ஹைட்ரஜன் வாயுவைக் கொளுத்தாமலே அதிலிருந்து மின்சாரம் எடுக்கும் சாதனம் அது. நடுவே பாலிதீன் தாள் போல ஒரு மெல்லிய சவ்வு. புரோட்டான் மட்டும் அதற்குள் நுழைந்து மறுபக்கம் போக வேண்டும். எலக்ட்ரானை அது விடக் கூடாது. எலக்ட்ரான் வெளியே கம்பி வழியாகச் சுற்றிப் போனால்தான் நமக்கு மின்சாரம். சவ்வில் ஈரம் இருந்தால்தான் புரோட்டான் நகரும். சூடேறினால் சவ்வு காய்ந்துபோகிறது. ஈரத்தைப் பிடித்துவைக்க அதில் சிலிக்காப் பொடி கலக்கிறார்கள். தண்ணீர்ப் பானைக்கு அடியில் ஈர மணல் போடுகிறோமே, ஏறக்குறைய அந்த வேலை. உமியை நிதானமான சூட்டில் எரித்தால் கிடைக்கும் வெள்ளைச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்காதான். விலை கொடுத்து வாங்கும் பொடிக்குப் பதிலாக மில் கழிவைப் போட முடியுமா என்பது ஷைனியின் ஆராய்ச்சி.

அவள் வரைந்து அனுப்பிய படத்தைப் பார்த்து, தை மாதத்தில் என் கணவர் வீட்டுக் கொல்லையில் சின்னதாக ஒரு செங்கல் உலை கட்டினார். கொதிகலனில் எரிவதுபோல் சடசடவென்று எரியாமல், சாயங்காலம் பற்றவைத்தால் விடியும்வரை கனன்று எரியும். முதலில் கிடைத்த சாம்பலை லாரியில் அனுப்பினோம். விபூதி மாதிரி இருக்கிறது என்று ஷைனி போனில் சிரித்தாள். அதில் செய்த சவ்வும் நன்றாக வந்தது. பிறகுதான் அந்தச் செய்தியைச் சொன்னாள். இரண்டாவது தடவை அனுப்பும் சாம்பலும் அதே தரத்தில் இருந்தால் இரண்டு வருடத்துக்கு எங்கள் மில் சாம்பலையே எடுத்துக்கொள்வார்கள். ஜூன் மாதத்திலிருந்து ஆராய்ச்சி உதவியாளர் வேலை எனக்கு. இல்லையென்றால் பாலக்காட்டுப் பக்கத்து மில் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார்கள். சாம்பலும் அங்கிருந்து வரும், ஆளும் அங்கிருந்து வரும்.

அந்த வேலை கிடைத்தால் உலகுவைத் தூக்கிக்கொண்டு இந்தத் தூசிலிருந்து வெளியே போய்விடலாம். பாதியில் விட்ட படிப்பையும் தொட்டுக்கொள்ளலாம். இரண்டில் எதற்காக அதை விரும்புகிறேன் என்று என்னையே கேட்பதை நிறுத்திவிட்டேன். போனால் என் கணவர் மில்லோடு இங்கேதான் இருப்பார். அவர் அம்மாவும், என் அத்தை, இங்கேதான். அத்தையின் இடுப்பில்தான் உலகுவுக்குப் பாதி நாள் கழிகிறது.

செவ்வாய்க்கிழமை. காலை ஆறரை மணிக்கு அம்பாசமுத்திரத்தில் பேருந்து ஏறினோம். பிசான அறுவடை முடிந்து நெல் வந்து குவியும் நேரம்; என் கணவரால் வர முடியவில்லை. ஒரு தோளில் குழந்தையின் பை. அதில் மருந்து, மாத்திரை, மூச்சு மருந்தை உறிஞ்சும் பிளாஸ்டிக் குழல், வெந்நீர் பிளாஸ்க். கையில் கட்டைப் பை. அதற்குள் இரட்டை பாலிதீன் உறையில் ஐந்து கிலோ சாம்பல். திருநெல்வேலிக்கு முப்பத்தைந்து கிலோமீட்டர், அங்கிருந்து நாகர்கோவிலுக்கு எண்பது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகள் எல்லாம் சுற்றிக்கொண்டிருந்தன. ஜன்னல் வழியே வந்த காற்றில் உலகு வாயைத் திறந்துகொண்டு சிரித்தாள். நான் ஜன்னலை இறக்கினேன். அவள் அழுதாள். பாதி ஏற்றினேன். அழுகை நின்றது. அடுத்த ஊர்வரை அவள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டே வந்தேன்.

நாகர்கோவில் வடசேரியில் ஒரு டீ குடித்துவிட்டுத் திருவனந்தபுரம் பேருந்தில் உட்கார்ந்தபோது மணி பத்தே முக்கால். கட்டணம் இருபத்தேழு ரூபாய். தூரம் எழுபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, ஆனால் வளைவும் ஊருமாகவே வருவதால் இரண்டரை மணி நேரம் ஆகிறது. அந்தப் பேருந்தில் பாதிப் பேர் மடியில் பெரிய காகித உறைகள் வைத்திருந்தார்கள். திருவனந்தபுரத்துப் பெரிய ஆஸ்பத்திரிகளுக்குக் கொண்டுபோகும் ஸ்கேன் படங்கள். பக்கத்தில் இருந்த தக்கலை அம்மா உலகுவைப் பார்த்ததுமே, "ஆஸ்பத்திரிக்கா மக்ளே?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. இந்தப் பேருந்தில் கைக்குழந்தையோடு வருகிறவள் வேறு எங்கே போவாள் என்பதுபோல் என் கையைத் தட்டிக்கொடுத்தார். அவர் கணவருக்குத் தொண்டையில் கட்டியாம். ஆறாவது தடவையாகப் போகிறாராம். 

களியக்காவிளையில் எல்லைக்கு இந்தப் பக்கமே பேருந்தை நிறுத்தினார்கள். ரேஷன் அரிசி கடத்துகிறவர்களைப் பிடிக்க அவ்வப்போது சோதனை நடக்குமாம். ஏறிய ஆள் வரிசையாகப் பைகளை அமுக்கிக்கொண்டு வந்தார். என் பையைத் தூக்கிப் பார்த்தார்.

"அரிசியாம்மா?"

"இல்லைங்க. சாம்பல்."

அவர் பையைக் கீழே வைத்த விதம் எனக்கு மறக்காது. உறங்குகிற பிள்ளையை வைப்பதுபோல் வைத்தார். தக்கலை அம்மா என் முகத்தையும் நெற்றியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மெதுவாக, "திருவல்லத்துக்கா போறிய? யாருக்கு?" என்றார். அங்கேதான் பலி இட்டு அஸ்தி கரைப்பார்கள். நான் அவசரமாக, இது ரைஸ்மில் சாம்பல், உமிச் சாம்பல் என்று சத்தமாகவே சொன்னேன். அந்த ஆள் உறையைப் பிரித்து விரலை விட்டுப் பார்த்தார். பிறகு கீழே நின்ற இன்னொருவரிடம், "அரிசிதான் போவுதுன்னு பாத்தா, இப்ப சாம்பலும் அங்கதான் போவுது வே" என்று சொல்லிக்கொண்டே இறங்கினார். பேருந்தில் நாலைந்து பேர் சிரித்தார்கள். தக்கலை அம்மா சிரிக்கவில்லை. தன் காகித உறையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம், கரமனைப் பாலம். கிள்ளிப்பாலத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தேன், பத்து ரூபாய். ஆரியசாலையில் எங்கள் அரிசியை வாங்கி விற்கும் மொத்தக் கடைக்காரரின் வீட்டில் தங்க ஏற்பாடு. கீழே கடை, மேலே வீடு. அந்த அண்ணாச்சியின் தாத்தா காலத்திலேயே தென்காசிப் பக்கமிருந்து வந்த குடும்பம். அவர் மனைவி சரோஜா அக்கா பிறந்தது, படித்தது எல்லாம் இங்கே. "வரணும், வரணும். குட்டி நல்லா தளர்ந்து போச்சே" என்று சொல்லிக்கொண்டே என் கையிலிருந்து உலகுவை வாங்கினார். புது ஆளைக் கண்டால் அலறுகிறவள் அவர் தாலிச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருந்தாள். எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, ஏதோ போலவும் இருந்தது.

புதன்கிழமை. உலகுவைச் சரோஜா அக்காவிடம் விட்டுவிட்டு எட்டரைக்குக் கிளம்பினேன். மாடிப்படியில் இறங்கியவள் திரும்ப ஏறி, குழலில் மருந்தை எப்படிப் பிடிப்பது என்று இன்னொரு தடவை காட்டினேன். "அறியும், அறியும். நீங்க போயிட்டு வாங்க. எனக்கும் ரெண்டு பெத்ததுதானே" என்றார். ஆற்றுகால் பொங்காலை முடிந்து அதிக நாள் ஆகவில்லை. பெண்கள் தெருவோரம் அடுப்புக் கூட்டிய செங்கற்கள், கரி படிந்த முகத்தோடு அங்கங்கே ஒதுக்கிக் கிடந்தன. கிழக்கேகோட்டைக்கு நடந்தே போய்விடலாம். கோபுரத்தைப் பார்த்து வாசலில் நின்று ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஸ்ரீகாரியம் போகும் நகரப் பேருந்தில் ஏறினேன். அங்கிருந்து உள்ளே ஒன்றரை கிலோமீட்டர். ரப்பர் மரங்களுக்கு நடுவே ஒரு மஞ்சள் கட்டடம்.

ஷைனி வாசலுக்கே வந்துவிட்டாள். ஐந்து வருடத்துக்குப் பிறகு பார்க்கிறோம். "எடீ முத்து, சாரி எல்லாம் உடுத்திட்டு மில் முதலாளியம்மா கணக்கா வந்திருக்கியே" என்றாள். அவளுக்கு முன்நெற்றியில் இரண்டு நரை. நான் அதைப் பார்த்ததை அவள் பார்த்துவிட்டாள். "ஹைட்ரஜனோட வாழுதேன், பின்னே எப்படி இருக்கும்" என்றாள்.

அந்த அறையில் என்னை ஒரு ஸ்டூலில் உட்காரவைத்து முதல் சாம்பலில் செய்த சவ்வைக் காட்டினாள். கண்ணாடித் தட்டில் கூழை ஊற்றிக் காயவைத்து உரிக்கிறார்கள். கூழ்வற்றலைத் துணியிலிருந்து உரிப்பது நினைவு வந்தது. உள்ளங்கை அகலம். வெளிச்சத்தில் பிடித்தால் பால் கலந்த தண்ணீர் நிறம். அதை இரண்டு தகடுகளுக்கு நடுவே வைத்து முறுக்கி, வாயுக் குழாயைத் திறந்தாள். ஒரு நிமிடம்போல ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மேசைமேல் இருந்த விளையாட்டுச் சாமான் அளவு விசிறி சுற்றத் தொடங்கியது. சத்தமே இல்லை. எங்கள் மில்லில் ஒரு காரியம் நடக்கிறது என்றால் காது அடைக்கும். இங்கே மறுபக்கக் குழாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் திரண்டு விழுந்தது, அவ்வளவுதான். புகையும் இல்லை, சாம்பலும் இல்லை. எங்கள் மில்லுக்குப் பின்னால் கிடந்து உலகுவின் மூச்சை அடைக்கிற அதே சாமானுக்கு நல்ல குணமும் இருக்கிறது என்பதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது. ஷைனி விசிறியை நிறுத்திவிட்டு, புதுச் சாம்பலில் ஒரு கரண்டி எடுத்துப் பீங்கான் கிண்ணத்தில் போட்டு மின் உலைக்குள் வைத்தாள். ராத்திரி முழுக்க எரியும். கொஞ்சநஞ்சம் கரி இருந்தால் அதுவும் போய் வெளுத்துவிடும் என்றாள்.

திரும்பும்போது மூன்று மணி. மதியம் நன்றாகத் தூங்கினாள், மூச்சு சீராக இருந்தது என்று சரோஜா அக்கா சொன்னார். நானும் ஒரு தடவை காதை வைத்துக் கேட்டுக்கொண்டேன்.

வியாழக்கிழமை. கிண்ணத்தை ஷைனி வெளியே எடுத்துவைத்திருந்தாள். நான் உள்ளே நுழைந்ததும் அதை என் பக்கம் நகர்த்தினாள். சாம்பல் வெளுக்கவில்லை. பொங்கலில் மிளகு கிடப்பதுபோல் கறுப்புத் துணுக்குகள். விரலில் எடுத்தால் நெறுநெறுவென்று இருந்தது, கண்ணாடித் தூள் போல.

"நேற்று நீ போன பொறவு சோடியமும் பாத்தேன்" என்றாள். "முதல்ல வந்ததில பேருக்குத்தான் இருந்துது. இதில எக்கச்சக்கம். நெல்லை உப்புத் தண்ணியிலயா அவிச்சிய?"

இல்லை என்றேன். அவள் விளக்கினாள். உப்பு சேர்ந்தால் சிலிக்கா சீக்கிரம் உருகிவிடும். உருகும்போது கரியை உள்ளே வைத்து மூடிக்கொள்ளும். பிறகு எவ்வளவு எரித்தாலும் அந்தக் கரி போகாது. கரி உள்ள பொடியைச் சவ்வில் போட்டால் எலக்ட்ரானும் அதன் வழியே ஓடிவிடும். ஈரத்தையும் அது பிடிக்காது. சுருக்கமாக, ஆகாது. எங்கேயாவது உப்பு மூட்டை வைத்த சாக்கில் உமியை அள்ளினார்களா என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. வாசலில் இருந்த தொலைபேசிச் சாவடிக்குப் போய் வீட்டுக்குப் பேசினேன்.

என் கணவர்தான் எடுத்தார். சாக்கு புதுசு, உமி அதே உமி, உலை அதே உலை என்றார். உப்பு எப்படி வரும் என்று அவர் பின்னால் திரும்பி யாரிடமோ கேட்பது எனக்குக் கேட்டது. ஒரு நிமிடம் கழித்து அத்தை பேசினார்.

"ஏளா முத்து, பிள்ளைக்குச் சுத்திப் போட்ட உப்பையா கேக்க?"

எனக்கு உடனே புரிந்துவிட்டது. தை மாதம் உலகு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து அத்தை தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் கல்லுப்பும் மிளகாய் வற்றலும் எடுத்து அவளைச் சுற்றித் திருஷ்டி கழிப்பார். அதை எங்கே போடுகிறார் என்று நான் யோசித்ததில்லை. அந்த நேரத்தில் நான் மில் கணக்கில் இருப்பேன்.

அத்தை குரலில் தயக்கம் எதுவும் இல்லை. "கேஸ் அடுப்புல உப்பப் போட முடியுமா? பாய்லர்கிட்ட ஆம்பளைக நிக்காங்க, பிள்ளையத் தூக்கிட்டு அங்க போவ முடியாது. வீட்டோட இருக்க நெருப்பு அந்தக் கொல்ல உலைதானே. அதுலதான் போடுதேன், ரெண்டு கை."

முதலில் அனுப்பிய சாம்பல் அவர் போடத் தொடங்குவதற்கு முன்பு எரித்தது.  அத்தை தொடர்ந்தார்.

"நான் போட ஆரம்பிச்ச பொறவு பிள்ளைக்கு ஒரு நாளாவது இழுத்துச்சா? நீயே சொல்லு."

"இல்ல அத்தே" என்றேன். அது உண்மை.

அன்று மாலை ஷைனி என்னோடு ஆரியசாலைக்கு வந்தாள், உலகுவைப் பார்க்க. கடையில் கூட்டம் குறைந்திருந்தது. அரிசி மூட்டைகளின்மேல் நாங்கள் உட்கார்ந்தோம். ஒரு முறத்தில் கொட்டிவைத்த அரிசியை உலகு அள்ளி அள்ளி இறைத்தாள். ஷைனி அவளைத் தடுக்கவே இல்லை. இந்தச் சாம்பல் கெட்டதால் பாலக்காட்டு மில்லுக்கு மாறிவிட வேண்டியதில்லை, ஏப்ரல் முடிவதற்குள் உப்பு படாமல் ஒரு தடவை எரித்துக் கொண்டுவந்தால் போதும், தானே பேசிக்கொள்கிறேன் என்றாள். அதற்காகவே வந்திருக்கிறாள் என்று புரிந்தது.

நான் அவளிடம் மனதில் இருந்ததைச் சொன்னேன். இரண்டு மாதமாகக் குழந்தைக்கு இழுப்பு வரவில்லை. தை கழிந்து குளிர் போனது. டாக்டர் மருந்தை மாற்றினார். என் கணவர் சாம்பல் குவியலுக்குத் தார்ப்பாய் போட்டு மூடினார். அத்தை உப்பு போட்டார். எதனால் நின்றது?

"நாலையும் ஒரே நேரத்தில மாத்தீட்டு எதுன்னு என்கிட்ட கேட்டா? லேபுல இப்படிச் செஞ்சா கைடு வெளிய தள்ளிருவாரு. ஒண்ணொண்ணா நிறுத்திப் பாக்கணும், அதுக்குத்தான் நம்ம படிச்சோம்." சொல்லிவிட்டு அவளே உலகுவைப் பார்த்தாள். பிறகு, "தெரியாமச் சொல்லிட்டேன் டீ" என்றாள்.

கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த சரோஜா அக்கா அப்போது குறுக்கிட்டார். "அதுக்கு எதுக்கு இத்ர விஷமிக்கணும், இவ்வளவு வருத்தப்படணும்? உப்பை நாங்க தீயிலயே இடுறதில்ல. கிணத்து வெள்ளத்தில இடும். கரையிற மாதிரி கண்ணேறும் கரையும். உங்க அத்தைகிட்ட அப்படிச் செய்யச் சொல்லுங்க." மேலே ஓர் அறை சும்மாதான் கிடக்கிறது, ஜூனில் வந்தால் அங்கேயே தாமசிக்கலாம், குட்டியைத் தானே பார்த்துக்கொள்வேன் என்றும் சொன்னார். எல்லாக் கதவும் திறந்துவிட்டது போலிருந்தது. ஷைனி, "பாத்தியா, நாங்க ரெண்டு டாக்டரேட் வச்சுக்கிட்டு யோசிக்கலாம்" என்றாள். அவளிடம் இருப்பது ஒன்றுதான். மற்றதை எனக்குப் போட்டுக்கொடுத்தாள் என்று நினைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை. கிளம்புமுன் காலையில் கடைத் தொலைபேசியிலிருந்தே வீட்டுக்குப் பேசினேன். அத்தையிடம் நேரே, மரியாதையாக, இங்கே உப்பைத் தண்ணீரில்தான் போடுகிறார்கள், நாமும் அப்படிச் செய்யலாமா, இல்லையென்றால் உங்களுக்குத் தனியாக ஓர் அடுப்பு வாங்கித் தரட்டுமா என்று கேட்டேன். கோபிப்பார் என்று பயந்தேன். கோபிக்கவில்லை.  ஒன்று மட்டும் கேட்டார்.

"மாத்துவோம், அதுக்கென்ன. மாத்துன அன்னைக்குப் பிள்ளைக்கு இழுத்துச்சுன்னா?"

சண்டைக்காகக் கேட்ட கேள்வி இல்லை அது. என்னிடம் பதில் இருக்கும் என்று எண்ணித்தான் கேட்டார். வீட்டில் படித்தவள் நான். சம்பந்தமில்லை அத்தே, உப்புக்கும் மூச்சுக்கும் சம்பந்தமில்லை, சொல்லப்போனால் மிளகாய்ப் புகை அவளுக்குக் கெடுதல் என்று சொல்லியிருக்க வேண்டும். வாய்வரை வந்தது. அந்த நேரத்தில் உலகு சரோஜா அக்காவின் தோளில் ஒரு தடவை இருமினாள். வெறும் இருமல். நான் திரும்பிப் பார்த்தேன். தொலைபேசியில், ஊருக்கு வந்து பேசிக்கொள்ளலாம் அத்தே என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பத்து மணிக்குத் தம்பானூர் பேருந்து நிலையத்தில் ஏறினோம். கை இலகுவாக இருந்தது. சாம்பலை ஷைனியே வைத்துக்கொண்டாள், கெட்ட மாதிரியும் வேண்டும் என்று. கரமனைப் பாலத்தைத் தாண்டும்போது கீழே ஆற்றில் யாரோ துணி அலசிக்கொண்டிருந்தார்கள். இந்த ஊர்க் காற்றில் துணி காய நேரமாகிறது, ஆனால் காய்ந்த துணியில் கறுப்புப் புள்ளி இல்லை. நான்கு நாளும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், கோபுரத்தையும் கடைவீதியையும் அல்ல. எங்கள் ஊரில் தாமிரபரணி இருக்கிறது, மலை இருக்கிறது, வருகிறவர்கள் எல்லாம் என்ன காற்று என்ன காற்று என்கிறார்கள். அந்தக் காற்றில்தான் என் மகள் திணறினாள். இங்கே உப்பங்காற்று, புழுக்கம், கடைக்குள் நாள் முழுக்கத் தவிட்டுத் தூசு. ஆனாலும் நான்கு நாளும் அவள் நன்றாக இருந்தாள். நான்கு நாளும் அத்தை அவளைச் சுற்றிப் போடவும் இல்லை. ஆகவே உப்பால் இல்லை என்று முடிவு செய்யலாமா? ஊரும் மாறியிருந்தது, காற்றும் மாறியிருந்தது, தார்ப்பாயும் குவியலும் நூற்றெண்பது கிலோமீட்டருக்கு அப்பால். இங்கேயும் ஒன்றை மட்டும் தனியாக மாற்றிப் பார்க்கவில்லை.

ஊருக்கு வந்து ஒரு வாரமாகிறது. கொல்லை உலை தினமும் சாயங்காலம் பற்றுகிறது. அத்தை முன்போலவே குழந்தையைத் தூக்கிக்கொண்டு அதன் பக்கம் போகிறார். முன்பு கணக்கில் இருப்பேன் என்றேனே, இப்போது நானும் கூடப் போய் நிற்கிறேன். உப்பு வெடிக்கும் சத்தம் கேட்கிறது. இப்படி எரிகிற ஒவ்வொரு நாளின் சாம்பலும் ஷைனிக்கு உதவாது என்று எனக்குத் தெரியும். என் கணவர், நீ சொன்னால் நாளைக்கே மில்லின் மறுபுறம் வேறு உலை கட்டுகிறேன், இதில் அம்மா போட்டுக்கொள்ளட்டும் என்கிறார். அதுவும் வழிதான். ஆனால் ஜூனில் நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகும்போது இந்த உலை இங்கேயே இருக்கும், பிள்ளை இருக்க மாட்டாள். அத்தை கேட்ட கேள்வி அப்போதும் அப்படியே நிற்கும். பதில் சொல்ல வேண்டியவள் அங்கே தனியாக இருப்பேன்.

இதைப் படிக்கிறவர்களில் இழுப்பு வரும் பிள்ளையை வளர்த்தவர்கள் இருப்பீர்கள். வேலைக்காகக் கைக்குழந்தையோடு ஊர் மாறியவர்களும் இருப்பீர்கள். திருவனந்தபுரத்து மழைக்காலம் அந்தப் பிள்ளைகளுக்கு எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்கள் அதை எழுதுங்கள். அங்கே நல்ல குழந்தை மருத்துவர் யார் என்று எழுதுங்கள். அதோடு இன்னொன்றும் வேண்டும். உப்புக்கும் மூச்சுக்கும் சம்பந்தமில்லை என்பதை எனக்கு எழுதாதீர்கள், அது எனக்குத் தெரியும். தெரிந்த பிறகும், பிள்ளை நன்றாக இருக்கிற ஒரு சாயங்காலத்தில், அவளுக்காக நடக்கிற ஒன்றை நிறுத்துங்கள் என்று நீங்கள் உங்கள் வீட்டில் எப்படிச் சொன்னீர்கள் என்பதை எழுதுங்கள். ஏப்ரல் முடிவதற்குள் எழுதினால் உதவியாக இருக்கும்.